கடன் வடக்கில், பயம் தெற்கில்: 2015 ஜனவரி 8 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2005 நவம்பரில் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்குதான். புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள், சனம் வீட்டிலேயே இருந்தது. அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்ச ஒரு இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2010இல் வாக்களிப்பு கால்வாசியைத் தொட்டது. 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் அது 66 சதவீதத்தைத் தாண்டியது. அன்று யாழ்ப்பாணத்தில் மகிந்தவுக்கும் அவரைத் தோற்கடித்த மைத்திரிபால சிறிசேனவுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் ஒரு இலட்சத்து 79 ஆயிரம். பத்து ஆண்டுகளுக்கு முன் மகிந்தவை ஆட்சியில் ஏற்றிய வித்தியாசம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு இம்முறை ஒரே மாவட்டத்திலிருந்து அவருக்கு எதிராக வந்தது.

இந்த ஆய்வு அந்த வாக்கைப் பற்றியது. அந்த மனிதர்கள் எதை எதிர்பார்த்தார்கள், எது கிடைத்தது, ஏன் மற்றது கிடைக்கவில்லை என்பதைப் பற்றியது. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், ஏமாற்றம் வந்த வழி வெற்றியின் கணக்குக்குள்ளேயே இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பொது வேட்பாளர்

2014 நவம்பர் 20ஆம் திகதி மகிந்த தேர்தலை அறிவித்தார். பதவிக் காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை 2010இல் 18ஆவது திருத்தம் அகற்றிவிட்டதால், மூன்றாம் முறைக்குத் தடை எதுவும் இல்லை. மறுநாள் அவருடைய சுகாதார அமைச்சரும் சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளருமான சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக மேடையில் நின்றார். முதல் நாள் இரவு ஒன்றாக அப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனவர் என்ற கதை தேர்தல் முழுக்கச் சொல்லப்பட்டது.

அன்னச் சின்னத்தின் கீழ் சேர்ந்தவர்களைப் பாருங்கள். ரணில் விக்ரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சி, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா, சிங்கள பௌத்த தேசியவாதக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய, முஸ்லிம் காங்கிரஸ், மலையகத்தில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும். டிசம்பர் கடைசியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவை அறிவித்தது. மாதுளுவாவே சோபித தேரர் நடத்திய இயக்கத்துக்கு, நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதே முதல் கோரிக்கை. 2014 ஜூனில் அளுத்கமவில் தாக்கப்பட்ட முஸ்லிம்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் உயர வேண்டும். வடக்கில் படையினர் வசமிருந்த காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், சிறையிலிருப்போர். கொழும்பின் நடுத்தர வர்க்கத்துக்கு ஊழல் ஒழிய வேண்டும்.

இந்த எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ராஜபக்ச குடும்பம் போக வேண்டும். மற்றவற்றில் ஒன்றுக்கொன்று முரணானவையும் இருந்தன. ஹெல உறுமயவும் கூட்டமைப்பும் அதிகாரப் பகிர்வு பற்றி ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கூட்டணி ஒரு வாரம் தாங்கியிருக்காது. ஆகவே அதைப் பற்றிப் பேசவே இல்லை. சிறிசேனவின் விஞ்ஞாபனத்தில் இனப்பிரச்சினைக்கான தீர்வு பற்றி உறுதி எதுவும் கிடையாது. நூறு நாள் வேலைத்திட்டத்திலும் கிடையாது. கூட்டமைப்பு எழுத்தில் எந்த உடன்படிக்கையும் கேட்காமலே ஆதரவளித்தது. அப்படி ஒரு கடதாசி வெளியே வந்திருந்தால் தெற்கில் அது மகிந்தவின் சுவரொட்டியாகியிருக்கும் என்பது உண்மைதான்.

வடக்கின் வாக்காளருக்கு இது தெரியாமலில்லை. போரின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்ததாகப் பின்னாளில் தானே சொன்னவர் சிறிசேன. அதற்கு முந்தைய தேர்தலில் அதே மக்கள் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே பெரும்பான்மையாக வாக்களித்திருந்தார்கள். வேட்பாளர் யார் என்று பார்த்துப் போட்ட வாக்கல்ல அது, யாரை இறக்க வேண்டும் என்று பார்த்துப் போட்டது. ஆனாலும் வெற்றி வந்த பிறகு மனது அந்த இடத்தோடு நிற்பதில்லை. இறக்கிவிட்டோம் சரி, எங்களுடைய வாக்கால்தானே இவர் வந்தார், அப்போ எங்களுக்கு என்ன என்று கேட்பது மனித இயல்பு. அது நியாயமும்கூட.

கணக்கு

சிறிசேனவுக்கு 6,217,162 வாக்குகள், 51.28 சதவீதம். மகிந்தவுக்கு 5,768,090. வித்தியாசம் நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்போது யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) ஆகிய ஐந்து தேர்தல் மாவட்டங்களின் வித்தியாசத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஆறரை இலட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது வடக்கு கிழக்கை எடுத்துவிட்டால், மற்றப் பதினேழு மாவட்டங்களில் மகிந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் வாக்குகளால் முன்னால் நிற்கிறார். மலையகத்தின் நுவரெலியாவையும் எடுத்துவிட்டால் இன்னும் கூடும்.

இதை மகிந்த உடனே புரிந்துகொண்டார். மெதமுலனை வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்தே, தன்னைத் தோற்கடித்தது எந்தப் பகுதிகளின் வாக்கு என்பதைத் தன் ஆதரவாளர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். சிறிசேனவுக்கும் அது தெரியும். இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. புதிய ஜனாதிபதி பட்டிருந்த கடன் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்தது. அவருடைய பயம் தெற்கில் இருந்தது. கடனை எவ்வளவு வெளிப்படையாகத் திருப்பிக் கொடுக்கிறாரோ அவ்வளவுக்கு "தமிழர் வாக்கில் வந்த ஜனாதிபதி" என்ற பேச்சு வலுவாகும். அதனால் வடக்குக்குக் கொடுத்ததையெல்லாம் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு தெற்கைப் பார்த்து ஒரு சமாதானமும் சொன்னார்.

மூச்சு விட்ட மாதங்கள்

முதல் மாதங்களில் கிடைத்தவற்றைச் சிறிதாக்கிப் பேசுவது அநியாயம். ஜனவரி 9ஆம் திகதி சுதந்திர சதுக்கத்தில் சிறிசேன பதவியேற்றது உயர் நீதிமன்ற நீதியரசர் க. ஸ்ரீபவன் முன்னிலையில். அந்த மாத முடிவுக்குள் ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். வடக்கு ஆளுநராக இருந்த முன்னாள் இராணுவ அதிகாரி மாற்றப்பட்டு, ஒரு முன்னாள் இராஜதந்திரி வந்தார். வெளிநாட்டவர் வடக்குக்குப் போக அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பெற்றோல் லீற்றருக்கு 150 ரூபாயிலிருந்து 117க்கு இறங்கியது. அரச ஊழியருக்குச் சம்பளத்தில் 10,000 ரூபாய் கூடியது.

ஏப்ரல் 28ஆம் திகதி 19ஆவது திருத்தம் நிறைவேறியது. 225 பேர் கொண்ட சபையில் 212 பேர் ஆதரவு, எதிர்த்தவர் ஒரேயொருவர். பதவிக் காலம் ஐந்து ஆண்டாகக் குறைந்தது, இரண்டு தடவை என்ற வரம்பு திரும்பி வந்தது, பொலிஸுக்கும் தேர்தலுக்கும் சுயாதீன ஆணைக்குழுக்கள் வந்தன. நாடாளுமன்றத்தை நாலரை ஆண்டு முடியும்வரை ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்குக் கலைக்க முடியாது என்றும் எழுதப்பட்டது. இந்த வரியை நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது, பட்டியலில் எழுத முடியாத ஒன்று. வெள்ளை வானில் ஆள் கடத்திப் போவார்கள் என்ற பயம் குறைந்தது. கூட்டம் நடத்தினால் யார் வந்து பெயர் எழுதுவார்கள் என்ற நடுக்கம் முழுதாகப் போகாவிட்டாலும் தணிந்தது. பின்னாளில் காணாமல் ஆக்கப்பட்டோரின் கிளிநொச்சி அம்மாக்கள் வீதியோரம் கொட்டில் போட்டு மாதக்கணக்கில் உட்கார முடிந்தது என்றால், அதற்கான இடத்தைத் திறந்ததும் இந்த ஜனவரி 8தான். ஏமாற்றத்தை வாய்விட்டுச் சொல்லக்கூட ஒரு காலம் வர வேண்டியிருந்தது.

2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு அரச விழாவொன்றில் அதுவே முதல் தடவை. கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் கண் கலங்கினார் என்பார்கள். அந்தத் தலைமுறைக்கு அது சின்ன விடயமல்ல.

கசப்பு தொடங்கிய இடங்கள்

தெற்கில் ஏமாற்றத்துக்கு ஐம்பது நாள்கூட ஆகவில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்கு 30 ஆண்டு பிணைமுறி (அரச கடன் பத்திரம்) ஏலம் அறிவித்து, 1,000 கோடிக்கு ஏற்றுக்கொண்டது. அதிகம் வாங்கிய நிறுவனம் ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடையது. இது விசாரணை, நாடாளுமன்றக் குழு, ஜனாதிபதி ஆணைக்குழு என்று மூன்று ஆண்டுகள் இழுபட்டது. வெளிவிவகார அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். ஊழலை ஒழிக்க வந்த அரசு என்ற ஒரே அடையாளத்தோடு வந்தவர்களுக்கு இதைவிடக் கெட்ட தொடக்கம் வாய்த்திருக்க முடியாது. பழைய ஆட்சியின் ஊழல் வழக்குகளோ நகரவே இல்லை. திருடனைப் பிடிக்கிறோம் என்று வந்தவர்கள் பிடிக்கவும் இல்லை, தாங்களும் சுத்தமில்லை என்ற பேச்சு கிராமத்துத் தேநீர்க் கடைவரை போய்விட்டது.

19ஆவது திருத்தம் அமைச்சரவையை 30 பேருக்கு மட்டுப்படுத்தியது. ஆனால் "தேசிய அரசாங்கம்" என்றால் கூட்டலாம் என்ற இன்னொரு வரியும் அதிலேயே இருந்தது. 2015 ஓகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு அந்த வழியாக அமைச்சரவை 40ஐத் தாண்டியது. மக்கள் தோற்கடித்த சிலர், கட்சிகள் நேரடியாக உறுப்பினரை நியமிக்கும் தேசியப் பட்டியலில் திரும்பி வந்தார்கள். நவம்பரில் சோபித தேரர் காலமானார். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று அவருடைய இறுதிக் கிரியையில் சிறிசேன மறுபடி உறுதி சொன்னார். ஆனால் 2018 ஜனவரியில், தான் ஐந்தல்ல ஆறு ஆண்டு பதவியில் இருக்கலாமா என்று உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். ஐந்துதான் என்று பதில் வந்தது. ஒரே தடவைதான் இருப்பேன் என்று பதவியேற்ற அன்று சொன்ன மனிதர் இவர். என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்டதே ஒரு வாக்குமீறல்தான்.

வாழ்க்கைச் செலவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2018 மே மாதம் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 44 ரூபாயிலிருந்து 101க்கு ஏறியது. கடற்றொழிலாளர் தெருவுக்கு வந்த பிறகு 70 ஆக்கினார்கள். மலையகத்தில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கைக்கு 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 என்று பதில் சொன்னது. அடிப்படைச் சம்பளம் 500. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. ஆயிரம் அந்த ஆட்சியில் வரவே இல்லை. முஸ்லிம்களுக்கோ, அளுத்கமவுக்காக வாக்களித்த மக்களுக்கு 2018 மார்ச்சில் திகனவில் மறுபடி தாக்குதல் வந்தது.

வடக்குக்கு வருவோம். 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கியது. உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் நீதிப் பொறிமுறை என்று நான்கு ஒப்புக்கொள்ளப்பட்டன. நாலே மாதத்துக்குள் வெளிநாட்டு நீதிபதிகளுக்கு இடமில்லை என்று சிறிசேன சொல்லிவிட்டார். இரண்டு அலுவலகங்கள் மட்டும் வந்தன. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகச் சட்டம் 2016 ஓகஸ்டில் நிறைவேறியது, ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டது 2018 பெப்ரவரியில். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றார்கள், அது அப்படியே இருந்தது.

நான் மேலே சொன்ன பயம் இங்கே வேலை செய்வதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஜெனீவாவில் ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டது ஒன்று, சிறிசேனவின் சொந்த ஊரான பொலன்னறுவையில் சிங்களத்தில் சொன்னது இன்னொன்று. "படைவீரர் எவரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்ற தொனி ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் வந்தது. புதிய அரசியலமைப்பு முயற்சியிலும் இதே கதை. 2017 செப்டெம்பர் இடைக்கால அறிக்கை சிங்களத்தில் "ஏக்கிய இராஜ்ய" என்றது, தமிழில் "ஒருமித்த நாடு" என்றது. சிங்கள வாசகருக்கு அது ஒற்றையாட்சி என்று கேட்க வேண்டும், தமிழருக்கு அப்படிக் கேட்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டது. தெற்கில் நாட்டைப் பிரிக்கிறார்கள் என்றார்கள். வடக்கில் பழைய ஒற்றையாட்சிக்குப் புதுச் சட்டை போடுகிறார்கள் என்றார்கள்.

தமிழ்த் தலைமைக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2016க்குள் தீர்வு வரும் என்று சம்பந்தன் மேடை மேடையாகச் சொன்னார். அப்படி ஒரு திகதியை சிறிசேன எங்கும் கொடுக்கவில்லை. விஞ்ஞாபனத்தின் மௌனத்தை வாக்குறுதியாக மொழிபெயர்த்து ஊருக்குச் சொன்னது கூட்டமைப்பு. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார், அரசைக் காப்பாற்றவும் வேண்டியிருந்தது. இந்த இரட்டை வேலையில் கேள்வி கேட்கும் குரல் தணிந்துபோனது.

அதனால் மக்கள் தாங்களே எழுந்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் காணி விடுபட்டது. 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் யாரிடமும் கேட்காமல் படகேறி, கடற்படை வசமிருந்த தங்கள் தீவுக்குப் போய் இறங்கினார்கள். இவையெல்லாம் வாக்குக்குக் கிடைத்தவையல்ல, உட்கார்ந்து பெற்றவை.

ஒக்டோபர் 26

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் மகிந்த அணியின் மொட்டுச் சின்னக் கட்சி 340 சபைகளில் இருநூறுக்கும் மேலானவற்றில் முதலிடம் பிடித்தது. சிறிசேனவின் பயம் உண்மையாகிவிட்டது. அதன் பிறகு அவர் கடனைப் பற்றி யோசித்ததற்கு அடையாளமே இல்லை.

ஒக்டோபர் 26 இரவு பிரதமராக இருந்த ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். யாரை இறக்க 62 இலட்சம் பேர் வரிசையில் நின்றார்களோ, அவரையே கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெரும்பான்மை கிடைக்காதபோது நவம்பர் 9ஆம் திகதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: கலைப்பு அரசியலமைப்புக்கு முரண். காரணம், நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த நாலரை ஆண்டு வரி. 2015இல் மக்கள் கேட்டு வாங்கிய ஒரு சட்டம், அதைக் கொண்டுவந்தவரின் கையிலிருந்தே நாட்டைக் காப்பாற்றியது. ஏமாற்றத்தின் கதையில் இந்தத் தீர்ப்பை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் ஒரே அரசுக்குள் சிறிசேனவும் மறுபடி பிரதமரான ரணிலும் பேசாத நிலை அதற்குப் பிறகும் நீடித்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் விடுதிகள். 260 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்கூட்டியே வந்த உளவு எச்சரிக்கைகள் மேசைகளில் கிடந்தன. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்னது.

ஏமாற்றம் எப்படி வாக்களித்தது

2019 நவம்பர் 16 தேர்தலில் சிறிசேன நிற்கவே இல்லை. மகிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீதம் பெற்று வென்றார். தெற்கில் ஏமாந்தவர்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார்கள், இன்னும் கடுமையான ஒருவரைத் தேடி.

யாழ்ப்பாணத்தில் அவரை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாச பெற்றது ஏறக்குறைய 84 சதவீதம், கோட்டாபய ஆறு சதவீதம். வெளியிலிருந்து பார்ப்பவர், வடக்கில் ஏமாற்றமே இல்லை, ஆதரவு கூடித்தான் இருக்கிறது என்று நினைக்கலாம். அப்படியல்ல. இறக்கும் வாக்கு அப்படியே இருந்தது, எதிர்பார்ப்பு அதிலிருந்து கழன்றுவிட்டது. அது எங்கே போனது என்பது ஒன்பது மாதம் கழித்துத் தெரிந்தது. 2015 ஓகஸ்டில் ஐந்து இலட்சத்து 15 ஆயிரம் வாக்கும் 16 ஆசனமும் பெற்ற கூட்டமைப்பு, 2020 ஓகஸ்டில் மூன்று இலட்சத்து 27 ஆயிரம் வாக்குக்கும் 10 ஆசனத்துக்கும் இறங்கியது. ஜனாதிபதித் தேர்தலில் பயத்துக்கு வாக்களித்தவர்கள், நாடாளுமன்றத் தேர்தலில் கோபத்துக்கு வாக்களித்தார்கள். ரணிலின் கட்சிக்கு நாடு முழுவதிலும் மிஞ்சியது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். சிறிசேன மொட்டின் பட்டியலில் பொலன்னறுவையில் வென்று சபைக்கு வந்தார். அந்த ஒக்டோபரில் 20ஆவது திருத்தம், 19இன் பெரும் பகுதியை அழித்தது.

கோட்டாபய அநுராதபுரத்தில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால் மட்டுமே வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாகச் சொன்னார். 2015இன் கணக்கிலிருந்து அவருடைய அணி எடுத்துக்கொண்ட பாடம் அது. வடக்கின் வாக்கு இல்லாமலே வென்றால் வடக்குக்குக் கடனும் இல்லை.

இதற்குப் பிறகு 2022 வந்தது, கோட்டாபய ஓடினார். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை, தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி வென்றது. அது வேறொரு ஆய்வுக்கான விடயம். இந்த ஆய்வில் திறந்தபடி கிடக்கும் ஒன்றை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். அந்த ஜூன் 12ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சிறிசேன அவர்களைச் சந்தித்து, போரின் முடிவில் படையினரிடம் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடச் சொல்வதாக வாக்களித்தார். அவர்கள் கேட்டது மன்னிப்பையோ பணத்தையோ அல்ல, பெயர்கள் எழுதிய ஒரு பட்டியலை. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாக்களும் அப்பாக்களும் பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள். பட்டியல் இன்னும் வரவில்லை.